மாம்பழ சீசன்: வீட்டுக்குப் பழமா, ஜூஸா, காயா, டின் கூழா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு மாம்பழம் சாப்பிடலாமா கூடாதா என்று யோசித்துப் பிரயோஜனம் இல்லை. சீசன் தொடங்கியதும் செந்தூரா வந்துவிடும், மே மாதம் பங்கனப்பள்ளியும் அல்போன்சாவும், ஜூனில் பெங்களூரா (கிளிமூக்கு) லாரி லாரியாக மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது நீலம் வந்து நிற்கும். நாம் வாங்காவிட்டாலும் சொந்தக்காரர்கள் ஒரு கூடை இறக்கிவிட்டுப் போவார்கள். பழம் வீட்டுக்குள் வரத்தான் போகிறது, அதனால் முடிவு செய்ய வேண்டியது வேறு: எந்த வடிவத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு. இரண்டு சீசனாக எங்கள் வீட்டில் இதை மெனக்கெட்டு ஒப்பிட்டுப் பார்த்தோம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில். மாமனாருக்கு 68 வயது, சர்க்கரை வந்து 11 வருஷம் ஆகிறது, மாத்திரை மட்டும்தான், இன்சுலின் கிடையாது. மகளுக்கு 9 வயது, காய்கறி என்றால் தட்டை நகர்த்திவிடுவாள். கணவர் ஓசூரில் வேலை, காலை ஆறரைக்கே பஸ் ஏறிவிடுவார், இட்லி சாப்பிடக்கூட நேரம் இருக்காது. எனக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு பேருக்கும் ஒரே பழம் ஒரே மாதிரி பொருந்தாது என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

முந்தின வருஷம் ஒரு கிளினிக்கில் மாமாவிடம் "மாம்பழத்தைத் தொடவே கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார்கள். மாமா தலையாட்டிவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாணி அள்ளப் போனேன், புங்க மரத்தடியில் மூன்று மாங்கொட்டைகள் கிடந்தன. பெங்களூராவின் நீளமான தட்டைக் கொட்டை, நார் வெளுக்கும் வரை உறிஞ்சியிருந்தது, ஒன்றில் மட்டும் இன்னும் ஈரம், எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவரே ஆரம்பித்தார்: "ஏம்மா, நாப்பது மரத்த வச்சு வளத்தவன் ஒளிஞ்சுகிட்டுப் பழம் திங்கறது எனக்கே ஒரு மாதிரி இருக்குதும்மா." நான் என்ன சொல்வது. "நாளைக்கு எடை போட்டுப் பாக்கலாம் மாமா, எவ்வளவு சாப்பிடலாம்னு கணக்குப் பண்ணித் தர்றேன், ஒளிக்க வேண்டாம்" என்றேன்.

மறுநாள் பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசை எடுத்து வைத்தேன். ஒரு பெங்களூரா 430 கிராம் இருந்தது. தோலும் கொட்டையும் போக சதை மட்டும் 300 கிராம். அப்படியே ஒரு செந்தூராவை வைத்தேன், 180 கிராம், சதை 120 தேறியது. இரண்டையுமே நாம் "ஒரு பழம்" என்றுதான் சொல்கிறோம். மல்கோவாவும் இமாம்பசந்தும் இன்னும் பெரிசு, அரைக் கிலோ தாண்டுவதெல்லாம் சாதாரணம். "தினம் ஒரு பழம் சாப்பிடலாம்" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது, எந்த ரகத்தில் ஒரு பழம் என்று கேட்க வேண்டும். மாமா அன்றைக்கு மரத்தடியில் சாப்பிட்ட மூன்று, கிட்டத்தட்ட 900 கிராம் சதை!

100 கிராம் மாம்பழச் சதையில் சுமார் 60 கலோரி, மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) 15 கிராம், அதில் சர்க்கரையாகவே 13, 14 கிராம். நார்ச்சத்து ஒன்றரை கிராம். வைட்டமின் சி 36 மில்லிகிராம். கண்ணுக்கும் தோலுக்கும் வேண்டிய பீட்டா கரோட்டின், கர்ப்பிணிகளுக்கு முக்கியமான ஃபோலேட் எல்லாம் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீர்தான், 83 சதவீதம். மோசமான உணவு என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்று பெங்களூரா என்றால் 135 கிராம் மாவுச்சத்து, அதையும் அவர் மத்தியானம் களி சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்கிறார்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் களிதான். சுமார் 100 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய ஒரு உருண்டைக் களியில் மாவுச்சத்து 70 கிராமை ஒட்டி வரும், நொய் போட்டுக் கிண்டினால் இன்னும் ஏறும். கேழ்வரகு நல்ல தானியம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் களி என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைத்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் பழம் சாப்பிட்டுவிட்டு, ஏறினதுக்குக் காரணம் பழம்தான் என்று மாம்பழத்தின் தலையில் பழியைப் போடுகிறோம். சோறும் அப்படித்தான். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து, அதாவது 100 கிராம் மாம்பழமும் ஒரு சின்னக் கரண்டி சோறும் மாவுச்சத்துக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்று. அந்தக் கரண்டியைக் குறைத்துவிட்டுப் பழத்தை வைத்தால் கணக்கு சரியாகிவிடும், குறைக்காமல் வைத்தால் ஏறத்தான் செய்யும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வடிவமாகப் பார்க்கலாம்.

நறுக்கிய பழம்

எங்கள் வீட்டில் கடைசியில் ஜெயித்தது இதுதான், அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன். நறுக்கிச் சாப்பிடும்போது மெல்ல வேண்டியிருக்கிறது, நேரம் ஆகிறது, நார்ச்சத்து அப்படியே உள்ளே போகிறது, முக்கியமாக எவ்வளவு சாப்பிட்டோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்குப் பழம் 100 கிராம், காய்கறி 400 கிராம் என்று இருக்கிறது. நாம் மாம்பழ சீசனில் இதை அப்படியே தலைகீழாக்கிவிடுகிறோம், பழம் 400, காய் 100. என் மகளின் தட்டு அப்படித்தான் இருந்தது.

மாமாவுக்கு 100 கிராம் என்று முடிவு செய்தோம். சாயங்காலம் நாலு மணிக்கு, அதுவும் தோப்புக்கு நடக்கக் கிளம்புவதற்கு முன்னால். கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ. அன்றைக்கு மத்தியானம் களி முக்கால் உருண்டை. குளுக்கோமீட்டரில் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 170-ஐத் தாண்டவில்லை. மதியச் சாப்பாடு முழுசாகச் சாப்பிட்டு அதன் மேலேயே அதே 100 கிராம் பழம் சாப்பிட்ட ஒரு நாள் 220-க்குப் போனது. இது ஒரு வீட்டில், ஒரே ஆளிடம் பார்த்தது, எல்லோருக்கும் இதே எண் வராது, அதனால்தான் சர்க்கரை இருக்கிறவர்கள் வீட்டில் அவரவருக்கு அளந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் அந்த எண்களைக் காட்டிப் பேசச் சொல்கிறேன். வெறுமனே "சாப்பிடலாமா" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும், நோட்டில் எழுதிக்கொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது. மாமாவுக்கும் அப்படித்தான் அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருப்பவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் தாங்களாகவே சோதித்துப் பார்க்கக் கிளம்ப வேண்டாம், முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொரு வகையினருக்கு இந்த 100 கிராம் கணக்கே பொருந்தாது: சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள். மாம்பழத்தில் பொட்டாசியம் 100 கிராமுக்கு 170 மில்லிகிராம் வரை இருக்கிறது, வாழைப்பழத்தில் அதைப்போல இரண்டு மடங்கு. மற்றவர்களுக்கு நல்லது செய்யும் அதே பொட்டாசியம் அவர்களுக்கு இதயத்துடிப்பையே பாதிக்கலாம். அவர்களுக்கு அளவு சொல்ல வேண்டியது அவர்களுடைய டாக்டர்தான்.

கொட்டையை மறந்துவிட்டேன். மாமா நறுக்கின துண்டுகளை முடித்துவிட்டு "கொட்ட கணக்குல வராதில்லம்மா" என்று கேட்டார். உறிஞ்சுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தேன், 35 கிராம் வித்தியாசம். கணக்கில் வரும்தான். இப்போது கொட்டை அவருக்கு என்றால் துண்டு கொஞ்சம் குறையும், அவருக்கும் அதில் சம்மதம், கொட்டை உறிஞ்சுவதில்தான் அவருக்கு முழுத் திருப்தி.

ஜூஸ், மில்க் ஷேக்

வெயில் நேரத்தில் பஸ் ஸ்டாண்டிலும் ஹைவே ஓரத்திலும் கண்ணாடி டம்ளரில் மஞ்சளாக நிற்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது. வீட்டிலேயே மிக்ஸியில் அடித்தால் என்ன கெடுதல் என்று நானும் நினைத்திருந்தேன். என் மகளுக்குத் தினமும் ஒரு டம்ளர் கொடுத்துக்கொண்டும் இருந்தேன், பழம்தானே, பால்தானே என்று.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 200 கிராம் பழத்தில் சர்க்கரை 27 கிராம், 200 மில்லி பாலில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரை 10 கிராம், நான் போட்ட நாலு டீஸ்பூன் சீனி 16 கிராமுக்கு மேல். ஒரே டம்ளரில் 50 கிராமைத் தாண்டிவிட்டது, அவள் அதை இரண்டு நிமிஷத்தில் குடித்துவிட்டுச் சாப்பாடு வேண்டாம் என்பாள். வேண்டாம் என்று ஏன் சொல்ல மாட்டாள். நான் "சாப்பிடவே மாட்டேங்குறா" என்று அம்மாவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன், காரணம் என் கையிலிருந்த மிக்ஸி ஜாரில் இருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வெளியே இருந்து சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறில் இருக்கும் சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைக்கிறது, முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த வகைச் சர்க்கரை 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. குழந்தைக்குக் கலோரியே குறைவு, அப்போது வரம்பும் அதற்கேற்பக் குறையும். மிக்ஸியில் அடிப்பதால் சத்தெல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், வடிகட்டாமல் இருந்தால் நாரும் அதிலேயேதான் இருக்கிறது. சீனி சேர்வதும், கடிக்காமல் குடிப்பதால் அளவு தெரியாமல் போவதும்தான் தொந்தரவு. ஒரே வேளையில் இரண்டு பெரிய பழத்தை நறுக்கிச் சாப்பிடச் சொன்னால் திணறுவோம், ஜூஸாக்கினால் சாதாரணமாக உள்ளே போய்விடும்.

கணவருக்கு மட்டும் காலையில் மில்க் ஷேக் வைத்துக்கொண்டோம், சீனி இல்லாமல், 120 கிராம் பழம், பால், ஊறவைத்த நாலைந்து பாதாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ்ஸில் ஏறி ஓசூரில் இறங்கியதும் டீயும் போண்டாவும் சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆகவே ஜூஸ் எல்லாமே தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல வரவில்லை, சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் சரி, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் ரொம்ப அதிகம். மாமாவுக்குக் கிடையாது. மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

மாங்காய்

எனக்குத் தெரிந்து நம் பக்கம் குறைத்து மதிப்பிடப்படுவது காய்தான். பழுப்பதற்கு முன் காயில் இருப்பது பெரும்பாலும் மாவுப்பொருளும் புளிப்பு அமிலமும், பழுக்கப் பழுக்கத்தான் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. வைட்டமின் சி பொதுவாகப் பழத்தைவிடக் காயில்தான் அதிகம். கரோட்டின் மட்டும் நேர்மாறு, பழுத்து மஞ்சள் ஏறினால்தான் அது கூடும்.

எனக்கு இரும்புச்சத்து குறைவு என்று சொன்னேன் இல்லையா, கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது, அதே வேளையில் வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். களிக்கு மாங்காய்ப் பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியலோடு பச்சை மாங்காய்த் துருவல், இதெல்லாம் நம் பாட்டிமார்கள் புளிப்புக்காகச் செய்தது, ஆனால் வேலை இரண்டும் நடந்திருக்கிறது. வேகவைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் போய்விடும், அதனால் நான் பருப்பில் போடுவது போக இரண்டு கீற்றைப் பச்சையாகவே தட்டில் வைத்துக்கொள்கிறேன். பெங்களூராக் காய் இதற்கு அவ்வளவு பொருத்தம், புளிப்பும் லேசான இனிப்புமாக, கடித்தால் மொறுமொறு என்று. சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்தினால்தான் இதற்குப் பலன், டீ இரும்பை எடுக்க விடாது.

ஊறுகாய் வேறு கதை. மாவடு, ஆவக்காய், தொக்கு எல்லாமே உப்பால்தான் கெடாமல் இருக்கின்றன. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு டீஸ்பூன், குழம்பிலேயே அது முடிந்துவிடுகிறது. பிரஷர் இருக்கிறவர்கள் ஊறுகாயை மாங்காய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம், உப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிளகாய்ப்பொடி உப்புத் தூவிய கீற்றுக்கும் இதேதான், தூவாமல் வாங்கிச் சாப்பிடலாம், கேட்டால் கொடுப்பார்கள்.

டின், பாட்டில், காய்ந்தது

நம் மாவட்டத்துப் பெங்களூராவும் அல்போன்சாவும் கூழாகி டின்னில் அடைபட்டு வளைகுடா நாடுகள் வரை போகின்றன. டின் கூழ் விஷம் ஒன்றும் இல்லை, நன்றாக வெப்பம் ஏற்றி அடைப்பதால் வைட்டமின் சி குறையும், கரோட்டின் பெரும்பாலும் நிற்கும். வாங்குவதென்றால் அட்டையில் சர்க்கரை சேர்த்ததா சேர்க்காததா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் சீசனில், கிலோ கணக்கில் பழம் கிடைக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு டின் வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பாட்டில் பானங்களை நான் மாம்பழ வரிசையிலேயே வைக்க மாட்டேன். "குடிக்கத் தயார்" வகைப் பழ பானத்தில் பழச்சாறு குறைந்தபட்சம் 10 சதவீதம் இருந்தால் போதும் என்பதுதான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். பின்பக்கம் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருப்பார்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் ஒரு டம்ளர் கணக்கு வந்துவிடும், ஒரு தரம் கடையிலேயே நின்று பெருக்கிப் பாருங்கள். நான் பெருக்கிப் பார்த்த அன்றோடு எங்கள் வீட்டில் அது நின்றுவிட்டது.

காய்ந்த மாம்பழம், மாம்பழத் தாண்ட்ரா (கூழைப் பரப்பிக் காயவைத்த தகடு) இதெல்லாம் சுருக்கமாக: தண்ணீர் போய்விட்டதால் 100 கிராமில் சர்க்கரை 66 கிராம் வரை வந்துவிடும். மிட்டாய் போல நினைத்து ஒரு துண்டோடு நிறுத்த முடிந்தால் வாங்குங்கள்.

எந்த ரகம்

வடிவத்தை முடிவு செய்த பிறகு ரகம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, ஆனாலும் எல்லோரும் கேட்பது இதைத்தான். இனிப்பு குறைவு வேண்டும் என்றால் பெங்களூரா, ரொம்பப் பழுக்க விடாமல் சாப்பிட வேண்டும். அல்போன்சா, இமாம்பசந்த், மல்கோவா எல்லாம் இனிப்பு கூடுதல். சதை எவ்வளவு அடர்ந்த ஆரஞ்சோ அவ்வளவு கரோட்டின், அந்த வகையில் குழந்தைக்கு அல்போன்சா நல்லது, பெங்களூரா வெளிறிய மஞ்சள்தான். கரோட்டின் எண்ணெய்ப்பசை இருந்தால்தான் உடம்பில் சேரும், அதனால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கொடுத்தாலோ நாலு கடலை சேர்த்துக் கொடுத்தாலோ போதும், தனியாக நெய் ஒன்றும் ஊற்ற வேண்டாம். அளவு மீறக் கூடாது என்கிற வீட்டுக்குச் சின்னப் பழமான செந்தூராவும் நீலமும் வசதி, ஒன்று எடுத்தால் ஒரு ஆளுக்கு முடிந்தது, மிச்சம் வைக்கிற பேச்சே இல்லை. மல்கோவாவை வெட்டினால் முழுசும் முடிக்கத்தான் கை போகும். மாமாவுக்கு நாங்கள் செந்தூரா பிடித்தது இதனால்தான், அவருக்குப் பெங்களூரா மேல் ஆசை என்றாலும்.

பெங்களூராவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. 2025 சீசனில் அதன் விலை எப்படிச் சரிந்தது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று மரத்திலேயே விட்டவர்கள் எத்தனை பேர். ஃபேக்டரி வாங்கினால்தான் விலை என்று முழுக்க முழுக்கக் கூழுக்கான பழமாகவே அதை நினைத்துவிட்டோம். காயாகவும் அரைப்பழமாகவும் அதைப் போலச் சாப்பிட ஏற்றது வேறில்லை. பக்கத்துத் தோப்பில் ஒரு கூடை நேராக வாங்குங்கள், விலையும் அவர்களுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், உங்களுக்கும் கல் வைக்காத காய் கிடைக்கும்.

கல் என்றதும் பழுக்கவைப்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை, அந்தக் கல்லில் ஆர்சனிக் போன்றவை கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதுதான் காரணம். எத்திலீன் வாயுவை அறையில் விட்டுப் பழுக்கவைப்பதற்கு அனுமதி உண்டு, 100 பிபிஎம் வரை (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு), அது பழமே இயல்பாக வெளியிடுகிற வாயுதான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எந்தப் பழம் எப்படிப் பழுத்தது என்று தோலைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது, சும்மா சொல்கிறார்கள். அதனால் நான் விளைந்த காயாகவே வாங்கி வீட்டில் வைக்கோலில் வைத்துவிடுகிறேன். காம்பைச் சுற்றித் தோள் எழும்பி நிற்கும், பக்கெட் தண்ணீரில் போட்டால் மூழ்கும், அது விளைந்த காய். மிதந்தால் பிஞ்சு, அதை வைக்கோலில் வைத்தாலும் வெம்பித்தான் போகும். ஐந்தாறு நாளில் வாசனை வந்துவிடும். பழுக்கும் முன்னால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் தோல் கறுத்து ருசியே இல்லாமல் போகும், பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள் வைக்கலாம்.

மாம்பழம் சூடு, வாய் ஓரத்தில் கொப்புளம் வரும் என்று என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். கொப்புளம் வருவது நிஜம், எங்கள் மகளுக்கே வந்தது. அதற்குக் காரணம் காம்பிலிருந்து வழியும் பால், அது தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சலும் கொப்புளமும் வரும், முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டால் புண்ணாகிறதே, அதே குடும்பத்து மரம்தான் மாவும். காம்பைக் கிள்ளிக் குப்புற வைத்துப் பால் வடிய விட்டு, தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, தோல் சீவிக் கொடுத்த பிறகு அவளுக்கு மறுபடி வரவில்லை. பழத்தைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் இதற்கு நன்றாக உதவுகிறது, ஆனால் ஊறவைத்தால் சர்க்கரை குறைந்துவிடும் என்று மாமாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது மட்டும் நடக்காது.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். மாமாவுக்குச் சாயங்காலம் செந்தூரா ஒன்று, அது முடிந்த பிறகு நீலம் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் பெங்களூராவில் 100 கிராம், கொட்டை உட்பட. மகளுக்குப் பள்ளி டப்பாவில் நறுக்கின துண்டுகள் 100 கிராம், காய்கறி சாப்பிட்ட பிறகு மட்டும் ராத்திரி இரண்டு கீற்று. கணவருக்குக் காலை மில்க் ஷேக். எனக்குக் காய், பழம் ஆசைக்கு ஒரு துண்டு. எல்லாருக்கும் சேர்த்து வாரத்துக்கு நாலு கிலோவுக்குள் முடிகிறது, முன்பு பத்துக் கிலோ வாங்கிப் பாதி அழுகும்.

ஆடி பிறந்து நீலமும் ஓய்ந்த பிறகு கொய்யாவுக்கு மாறிவிடுவோம். 100 கிராமில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல், நார்ச்சத்து 5 கிராம், சர்க்கரை 9 கிராம்தான், சத்துக் கணக்கில் மாம்பழத்தைவிடக் கொய்யாதான் முன்னால் நிற்கிறது, விலையும் குறைவு. மாமாவிடம் இதைச் சொன்னபோது கொய்யாவை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான்மா இருக்குது, அது வேற, இது வேற" என்றார். தராசு மட்டும் அடுப்பு மேடையிலேயே இருக்கிறது, சித்திரையில் முதல் செந்தூரா வந்ததும் அவரே எடுத்து வைத்துவிட்டார்.